கண் பயிற்சிக்கு ஸகாத் காசு கொடுக்க வேண்டாம்



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளை வாசிக்கத் திணறுகிறதே என்று கவலைப்படும் உம்மா வாப்பாமார் கடைசி வரை வாசியுங்கள். மற்றவர்கள் பாதியில் விட்டாலும் குறை நினைக்க மாட்டோம்.

எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. வாசிக்க முடியாத பிள்ளைகளுக்குக் கண் பயிற்சியாம். பென்சில் நுனியைப் பார்க்க வேண்டும், நூலில் கோர்த்த மணியைப் பார்க்க வேண்டும், கம்பியூட்டரில் ஓடும் புள்ளியைக் கண்ணால் துரத்த வேண்டும். பன்னிரண்டு கிழமையில் சரளமாக வாசிப்பு வந்துவிடுமாம். "புலமைப்பரிசில் பரீட்சைக்கு முன் பதியுங்கள்" என்றும் போட்டிருக்கிறார்கள். யாரென்று இங்கே எழுதவில்லை. பெயர் எழுதினால் பேச்சு ஆளைப் பற்றிப் போய்விடும். ஒரு பிள்ளைக்குக் கேட்கும் காசு எங்கள் மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது. காப்பை ஈடு வைத்துக் கட்டிய உம்மா ஒருவரை எங்களுக்குத் தெரியும்.

இப்போது வாவிக்கரைப் பக்கத்து ஏழைப் பிள்ளைகளுக்கு இதை ஸகாத் நிதியில் செய்து கொடுக்கலாமா என்று ஒரு மஹல்லாவில் யோசிக்கிறார்கள். ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கும் எங்களில் சிலரிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். அவர்களின் எண்ணம் நல்லது. ஆனால் எங்கள் பதில்: கொடுக்க வேண்டாம். ஸகாத்தின் சட்டத்தை மார்க்கம் படித்தவர்கள் சொல்லட்டும். வாசிப்புக்கு எது உதவும், எது உதவாது என்று சொல்வது எங்கள் தொழில்.

முதலில், கண்ணே பிரச்சினை இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. கரும்பலகை மங்கலாகத் தெரிவதால் பின்தங்கும் பிள்ளை இருக்கிறது. சீனாவின் மேற்குப் பகுதியில் 250க்கு மேற்பட்ட ஆரம்பப் பாடசாலைகளில் கிட்டப்பார்வை உள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். கணிதப் புள்ளி கூடியது. 2014இல் வெளிவந்த ஆய்வு அது. ஒரு கண் சோம்பிக் கிடக்கும் பிள்ளையும் உண்டு. அதைச் சிறு வயதிலேயே பிடித்தால்தான் நல்ல பலன். புத்தகத்தைப் பார்க்கும்போது இரண்டு கண்ணும் ஒழுங்காக உட்பக்கம் குவியாத பிள்ளையும் உண்டு. அதற்குத் தலைவலி வரும், எழுத்து இரண்டாகத் தெரியும், சீக்கிரம் களைத்துவிடும்.

இந்தக் கடைசிக் குறையைப் பிடித்துக்கொண்டுதான் வியாபாரம் நடக்கிறது. அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2008இல் அமெரிக்காவில் கண் குவியாத 221 பிள்ளைகளுக்கு 12 கிழமை பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். கிளினிக்கில் வைத்து முறையாகப் பயிற்றிய குழுவுக்குத் தலைவலியும் மங்கலும் மற்றக் குழுக்களை விட நன்றாகக் குறைந்தன. உண்மை. விளம்பரம் போடுகிறவர்கள் காட்டுவது இதைத்தான். 2019இல் வந்ததை அவர்கள் காட்டுவதில்லை. அதே வழியில் வந்த பெரிய ஆய்வு அது: 310 பிள்ளைகள், 16 கிழமை. ஒரு பகுதிக்கு உண்மைப் பயிற்சி. மறு பகுதிக்குப் பார்த்தால் பயிற்சி போலவே இருக்கும், ஆனால் அந்தக் குறைக்கு ஒன்றும் செய்யாத போலிப் பயிற்சி. கடைசியில் வாசித்து விளங்கும் திறனை அளந்தார்கள். இரண்டு பகுதியும் முன்னேறியிருந்தது, கிட்டத்தட்ட ஒரே அளவில்.

இதை இன்னொரு தரம் வாசியுங்கள். போலிப் பயிற்சி எடுத்த பிள்ளையும் முன்னேறியது. நாலு மாதத்தில் பிள்ளை வளர்கிறது, பாடசாலைக்கு வருகிறது, ஒரு பெரிய ஆள் பக்கத்தில் இருந்து கவனிக்கிறார். "எங்கட மகன் இப்ப நல்லா வாசிக்கிறான்" என்று வொய்ஸ் போடும் வாப்பா பொய் சொல்லவில்லை. ஆனால் அதைச் செய்தது மணியும் நூலும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"பரிசோதித்துப் பார்த்தோம், உங்கள் பிள்ளையின் கண் சேர்ந்து வேலை செய்யவில்லை" என்று அச்சடித்த அறிக்கையும் தருகிறார்களாம். சென்னை சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுப் பாடசாலைகளில் 7 முதல் 17 வயது வரையான 920 பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். ஏறத்தாழ 10இல் 3 பேருக்கு இரண்டு கண்ணையும் சேர்த்துப் பாவிப்பதில் ஏதோ ஒரு குறை இருந்தது. சாதாரண வகுப்புப் பிள்ளைகள் அவர்கள். எங்கள் வகுப்பில் முதலாம் பிள்ளையைக் கொண்டுபோனாலும் இப்படி ஓர் அறிக்கை கிடைக்கலாம். குறை இருப்பது வேறு, வாசிப்பு வராததற்கு அதுதான் காரணம் என்பது வேறு.

அமெரிக்கச் சிறுவர் வைத்தியர்களின் சங்கமும் கண் வைத்தியர்களின் சங்கமும் 2009இல் சேர்ந்தே அறிக்கை விட்டன: வாசிப்பு இடர்பாட்டுக்குக் கண் பயிற்சியோ நிறக் கண்ணாடியோ பலன் தரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சொன்னது கண் வைத்தியர்கள், கவனியுங்கள். டிஸ்லெக்ஸியாவைப் பற்றிய பழைய பதிவுகளில் ஒன்றும் இதே கதைதான். 1896இல் இங்கிலாந்து வைத்தியர் பிரிங்கிள் மோர்கன் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். கெட்டிக்காரன், கணக்கு நன்றாகச் செய்வான், பார்வை நல்லது. சொல்லை மட்டும் வாசிக்க முடியவில்லை.

"வாசிக்கும்போது கண் பாய்கிறதே, வரியைத் தவற விடுகிறதே?" என்று கேட்பீர்கள். எங்கள் கையில் ஒரு சிங்களப் பத்திரிகையைத் தந்து உரத்து வாசிக்கச் சொல்லுங்கள். எங்கள் கண்ணும் நிற்கும், பின்னால் போகும், வரி மாறும். அடுத்த நிமிடம் தமிழ்ப் பத்திரிகையைத் தந்தால் ஓடும். கண் அதே கண்தானே!

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். காசு வேண்டாம். பிள்ளையைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். "மரம் என்ற சொல்லில் 'ம'வை எடுத்தால் மிச்சம் என்ன?" "பட்டத்தில் 'ப'வுக்குப் பதில் 'ச' போட்டால்?" "க, ட், டி, ல்: சேர்த்துச் சொல்லு." தரம் 3க்கு வந்தும் இதில் திணறினால், சொல்லுக்குள் இருக்கும் ஓசையைப் பிரிப்பதில்தான் அந்தப் பிள்ளைக்குச் சிக்கல். கண்ணை மூடிக்கொண்டு வரும் சிக்கலுக்குக் கண் தசையைப் பயிற்றி என்ன செய்வது?

தமிழ் எழுத்தும் இலேசானதல்ல. 'கொ' என்று எழுதினால் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, ஓசையோ 'க்' என்று நடுவில் தொடங்குகிறது. காலும் 'ர'வும் சின்னப் பிள்ளைக்கு ஒன்றுபோலத் தெரியும். 'ல, ள, ழ' எங்கள் பேச்சில் கலந்துபோய்க் கிடக்கிறது. இதையெல்லாம் ஒருவர் இருந்து, ஒவ்வொன்றாக, திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பின்னேரம் மத்ரசாவில் வலமிருந்து இடம் ஓதுவதால்தான் பிள்ளை குழம்புகிறது என்றும் அந்த விளம்பரக்காரர் சொல்லியிருக்கிறார். எத்தனை தலைமுறை இரண்டையும் படித்து வந்திருக்கிறது? இதற்கு மேல் பதில் எழுத மனமில்லை.

2022 நெருக்கடிக்கு முன்பே இலங்கையின் தரம் 3 பிள்ளைகளில் 85 வீதமானோர் எழுத்தறிவிலும் எண்ணறிவிலும் குறைந்தபட்ச மட்டத்தை எட்டவில்லை என்று யுனிசெஃப் சொல்கிறது. 100இல் 85 பேரின் கண் தசையும் ஒரே நேரத்தில் பழுதாகிவிட்டதா? 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. எழுத்துப் படிக்க வேண்டிய வயதில் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். போன் இருந்த வீட்டில் சூம். வாவிக்கரை வீடுகள் பலவற்றில் அதுவும் இல்லை.

ஆகவே நிர்வாகத்தினரிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து வந்து பரிசோதிக்கிறார்கள். அதில் கண் குறை என்று துண்டு எழுதிக் கொடுத்தும் ஆஸ்பத்திரிக்குப் போகாத பிள்ளைகளின் பெயரை நாங்கள் தருகிறோம். அவர்களை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை கண் பிரிவுக்குக் கூட்டிப் போகப் போக்குவரத்துச் செலவைக் கொடுங்கள். தூரப் பலகையை வாசித்துவிட்டாலும் தலைவலி, கண் வலி என்று சொல்லும் பிள்ளைகளையும் சேர்த்து அனுப்புங்கள். அங்கே கண்ணில் மருந்து விட்டுச் சரியாகப் பார்ப்பார்கள். அன்றைய கூலியை இழக்க முடியாத வாப்பாவுக்குத் துணையாக ஒருவரை அனுப்புங்கள். கண்ணாடி எழுதினால் வாங்கிக் கொடுங்கள். கண் குவியவில்லை என்று அங்குள்ள வைத்தியர் சொல்லி, பயிற்சி எழுதினால் அதையும் செய்யட்டும், தலைவலி குறையலாம்.

மிச்சக் காசில் உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் நாலைந்து பெண் பிள்ளைகளுக்குச் சிறு கொடுப்பனவு கொடுங்கள். எழுத்தோசை படிப்பிக்கும் முறையை அவர்களுக்கு நாங்கள் காசு வாங்காமல் பழக்குகிறோம். ஒருவருக்கு நாலு பிள்ளை, நாளுக்கு அரை மணித்தியாலம், கிழமைக்கு ஐந்து நாள். தொடங்கும்போது ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் சரியாக வாசிக்கிறது என்று எழுதி வைப்போம். ஒரு தவணை முடிய அதே பக்கத்தையும் ஒரு புதுப் பக்கத்தையும் கொடுத்து நிர்வாகத்தினர் முன்னாலேயே வாசிக்க வைப்போம். கண் பயிற்சிக்காரரும் அப்படி வாசிக்க வைத்துக் காட்டட்டும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் முடிவெடுக்கப் போவதாகக் கேள்விப்பட்டோம். அதற்கு முன் எங்களைக் கூப்பிடுங்கள். வியாழன் மஃரிபுக்குப் பிறகு எத்தனை மணிக்கென்றாலும் வருகிறோம், கொப்பிகளோடு.