முதலில் நீச்சல் குளம்



நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் பிஞ்சு உடம்புக்குத் தாங்குமா என்று கேட்கிறார்கள். ஒலிம்பிக் வீரர்களுக்கான 1.5 கி.மீ. நீச்சலையும் 40 கி.மீ. சைக்கிளையும் 10 கி.மீ. ஓட்டத்தையும் யாரும் குழந்தைகளுக்கு வைப்பதில்லை. வயதுக்கேற்பத் தூரம் குறையும். பரிசை நினைக்காமல் முடித்தாலே போதும் என்று பெற்றோர் விட்டுவிட்டால் கெடுதல் இல்லை. உண்மையான தடை நீச்சல்தான். ஓடத் தெரு இருக்கிறது, சைக்கிளும் கிடைத்துவிடும். அரசின் நீச்சல் வளாகமோ எங்கள் பீர்க்கன்கரணைக்கு அருகில் இல்லை, வேளச்சேரியில் இருக்கிறது. ஏரி இருக்கிறதே என்பது பதிலாகாது, ஆழமும் சேறும் தெரியாத நீரில் பிள்ளைகளை இறக்கக் கூடாது. நீரில் மூழ்கும் சாவுகளைத் தடுக்க, பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத்தரச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 2021இல் பீர்க்கன்கரணையையும் சேர்த்து உருவான தாம்பரம் மாநகராட்சி, பயிற்சியாளருடன் சிறுவர் நீச்சல் குளம் ஒன்றை இங்கே அமைக்க வேண்டும்.

– வாசகர், பீர்க்கன்கரணை