கோரைக்கு உப்பு வைத்தியம்

வீட்டுத் தோட்டத்தில் களை என்றாலே இப்போது ஒரு கைமருந்து வீடியோக்களில் சுற்றுகிறது: உப்பு, வினிகர், சோப்புத் தண்ணீர். உரக்கடைச் சரக்கு இல்லை என்பதாலேயே அது இயற்கை ஆகிவிடுமா? வினிகர் இலையைக் கருக்கும், கிழங்கைத் தொடாது. உப்போ மண்ணிலேயே தங்கி, அடுத்து நடும் கத்தரியையும் சேர்த்து வாட்டும். கோரை இருக்கிறதே, அதன் உயிர் மண்ணுக்கு அடியில் மணி கோத்ததுபோல் தொடரும் கிழங்குகளில். தாளைப் பிடித்து இழுத்தால் பட்டென்று அறுந்து கையோடு வரும். சில நாளில் அதே இடத்தில் பச்சையாக எட்டிப் பார்க்கும். (என் முதுகுக்கு இது நன்றாகத் தெரியும்.) சித்திரை வெயிலில் பாத்தியை ஆழக் கொத்திப் புரட்டி, மேலே வந்த கிழங்கைக் காயவிட்டுப் பொறுக்க வேண்டும். ஒரு தடவையில் தீராது. முளைக்க முளைக்க, இலை கிழங்குக்குச் சோறு போடும் முன்பே களைக்கொத்தியால் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மற்ற சில்லறைக் களைகளுக்கு மூடாக்கு போதும். வைக்கோலோ கரும்புச் சோகையோ சருகோ, நாலு விரற்கடை கனத்துக்கு, செடித் தண்டை மட்டும் ஒட்டாமல். வெளிச்சம் படாவிட்டால் பல களை விதைகள் முளைப்பதில்லை. அருகு மட்டும் மூடாக்குக்கு மேலேயே ஓடும், அதற்குக் கைதான். பிடுங்கியதையெல்லாம் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். பருப்புக்கீரையும் மூக்கிரட்டையுமாக, நேற்று ஒரே பாத்தியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு நாள் கூட்டுக்குத் தேறியது.