அடி வாங்கும் நாயகன்

இண்டியானா ஜோன்ஸ் படங்களைச் சிறுவயதிலிருந்தே நான் நேசிப்பதற்கு முதல் காரணம், அந்த மனிதருக்கு வலிக்கும் என்பதுதான். 1981இல் வந்த ‘ரைடர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்’கில் லாரிக்கு அடியில் நழுவிப் போய், சாட்டையைப் பிடித்தபடி மண்சாலையில் இழுபடுகிறாரே, அதற்கு ஈடான சண்டைக் காட்சியை நான் பார்த்ததில்லை. லாரிக்கு அடியில் போனவர் டெர்ரி லெனார்ட் என்ற ஸ்டன்ட் கலைஞர். அவர் உடம்பு நசுங்காமல் இருக்கச் சாலை நடுவே பள்ளம் வெட்டினார்கள். கம்ப்யூட்டர் மாயம் எதுவும் கிடையாது. அதே படத்தில் உருண்டு வரும் பெரிய பாறைக்கு முன்னால் ஓடியதும் நாயகனாக நடித்த ஹாரிசன் ஃபோர்டேதான். 1984இல் வந்த இரண்டாம் படத்தின் பல காட்சிகளைக் கண்டிப் பக்கம் எடுத்தார்கள். அதில் வில்லனாக அம்ரிஷ் பூரி மிரட்டியிருப்பார். ஆனால் இந்திய அரண்மனை விருந்தில் குரங்கு மூளை பரிமாறுவது அபாண்டம். தொடரை எவ்வளவு நேசித்தாலும் அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. 1989இல் ஷான் கானரி அப்பாவாக வந்த ‘தி லாஸ்ட் குருசேட்’தான் உச்சம். 2008, 2023 படங்களில் பாசம் இருக்கிறது, பழைய புழுதி இல்லை. உங்கள் பிள்ளைகளுக்கு 1981 படத்தை முதலில் காட்டுங்கள்.