மூச்சிரைச்சா ஆஸ்துமாதானா?

மக்களே, ஒரு வயித்தெரிச்சல். வெண்டிலேட்டரில் பிழைத்து வீடு திரும்பியவருக்குச் சில வாரம் கழித்து மூச்சிரைக்கிறது. உடனே ஆஸ்துமா என்று இன்ஹேலர்! தொண்டையில் போட்ட குழாயின் பலூன் அழுத்தம் 30 செ.மீ. நீர் அளவைத் தாண்டினால் மூச்சுக்குழல் சுவரில் ரத்த ஓட்டம் தடைபடும். புண்ணாகி, தழும்பாகி, குழலே சுருங்கலாம். தழும்பை இன்ஹேலர் கரைக்குமா? ஆஸ்துமாவில் பெரும்பாலும் மூச்சை விடும்போது விசில் சத்தம்; கழுத்துப் பகுதியில் குழல் சுருங்கினால் இழுக்கும்போது. காது கொடுத்துக் கேட்கக்கூடவா நேரமில்லை? உள்ளே கேமரா விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பெரியவர்களுக்குச் சுருங்கிய பகுதியை வெட்டித் தைக்கலாம். குழந்தைகளுக்கு விலாக் குருத்தெலும்பு வைத்து அகலப்படுத்தலாம். நாளைக்கு டாக்டராகப் போகிற நாமாவது, "முன்னாடி குழாய் போட்டாங்களா?" என்று கேட்போமா?