அறிவித்தலும் அமானிதமே

உப்புவெளியில் உறவினரும் நண்பரும் கூடி விடுதியோ வியாபாரமோ தொடங்கும்போது தனியார் கம்பனியாகப் பதிவதுண்டு. பின்னர் பணிப்பாளர் சபை புதிய பங்குகளைத் தமக்குள் ஒதுக்கினால், வெளிநாட்டிலுள்ள பங்காளியின் பலம் ஒரே நாளில் குறுகிவிடும்.

தமிழ்நாட்டின் நீடில் இண்டஸ்ட்ரீஸ் வழக்கு இதற்குச் சான்று. 1977இல் அறிவித்தல் காலந்தாழ்ந்து கிடைத்ததால், இங்கிலாந்துக் கம்பனியின் ஏறத்தாழ 60 வீதப் பங்கு 40 வீதமாகியது. 1981இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒதுக்கீடு செல்லுமென்றது. ஆயினும், பங்குகளைப் பெற்ற தரப்பு 8,54,550 ரூபா ஈடு செலுத்தப் பணித்தது.

நமது 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தின் 53ஆம் பிரிவு, அமைப்பு விதிகள் வேறுவிதமாகக் கூறாவிடின், புதிய பங்குகளை இருக்கும் பங்குதாரருக்கே விகிதாசாரப்படி முதலில் வழங்கக் கோருகிறது. அந்த விதிவிலக்கிலேதான் ஆபத்து உறைகிறது. எனவே கையொப்பமிடுமுன் விதிகளை வாசியுங்கள் என்போம். உரிய காலத்தில் அறிவிப்பதும் அமானிதமே என்பதைப் பணிப்பாளர்கள் மறத்தலாகாது.