வீடியோ போட்டாலே சி.பி.யூ 100%... பழைய ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டரைத் தூக்கிப்போடும் முன் இதைப் படிங்க!

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. சாப்பாட்டுத் தட்டோட மொத்தக் குடும்பமும் ஹால்ல உட்கார்ந்தாச்சு. டி.வி-யோட இணைச்சிருக்கிற பழைய கம்ப்யூட்டர்ல யூடியூப்பைத் திறந்து ஒரு படத்தைப் போடுறீங்க. அஞ்சாவது நிமிஷம் ஃபேன் சத்தம் வசனத்தை முழுங்குது. பத்தாவது நிமிஷம் வாய் ஒரு பக்கம் அசைய, சத்தம் இன்னொரு பக்கம் வருது.

எங்க வீட்டுல நடந்த கதைதான் இது. 2013-ல் வாங்கின, மூணாவது தலைமுறை ஐ3 புராசஸர் இருக்கிற கம்ப்யூட்டர். "அதுக்கும் வயசாயிடுச்சுப்பா, யாருக்காவது கொடுத்துடு" என்றார் அப்பா. பார்க்கக் கொடுத்த கடையில, "புராசஸர் தாங்கலை சார், புதுசு வாங்கிடுங்க" என்று 40 ஆயிரத்துக்கு மேல ஒரு கணக்கைப் போட்டுக் கொடுத்தாங்க.

ஆனா, ஒரு விஷயம் இடிச்சுக்கிட்டே இருந்தது. அதே கம்ப்யூட்டர்ல அக்கா கல்யாண வீடியோவைப் போட்டா, ஃபுல் ஹெச்.டி-யில் அலுங்காம குலுங்காம ஓடுது. வயசுதான் காரணம்னா அதுவும் திணறணுமே? பக்கத்து வீட்டு டி.வி-க்குப் பின்னாடி செருகியிருக்கிற கட்டைவிரல் அளவு ஸ்டிக் 4கே படத்தையே ஓட்டுதே... அதைவிடவா நம்ம கம்ப்யூட்டர் சோப்ளாங்கி?

இல்லை மக்களே. கம்ப்யூட்டர் அப்படியேதான் இருக்கு. அதுக்கு வர்ற வீடியோதான் மாறிடுச்சு.

கிரைண்டரா, ஆட்டுக்கல்லா?

இணையத்தில் வர்ற வீடியோ எல்லாமே சுருக்கி அனுப்பப்படுவதுதான். அந்தச் சுருக்கும் முறைக்குப் பேர் கோடெக். சுருக்கினதை நம்ம பக்கம் பிரிச்சாதான் படம் தெரியும். அதுக்குன்னே கிராபிக்ஸ் சிப்புக்குள் தனியா ஒரு சர்க்யூட் உண்டு. வீட்டுல கிரைண்டர் இருக்கிற மாதிரி. ஆனா, அந்த சர்க்யூட்டுக்கு அது தயாரிக்கப்பட்டப்போ இருந்த கோடெக்குகள் மட்டும்தான் தெரியும். புதுசா ஒண்ணு வந்தா, மொத்த வேலையும் புராசஸர் தலையில் விழும். கரன்ட் போனதும் ஆட்டுக்கல்லில் மாவாட்டுற கதைதான். மாவு வரும், கை கழண்டுடும்.

2003-ல் வந்த ஹெச்.264 கோடெக், எங்க வீட்டு ஐ3-க்கு நல்லாவே தெரியும். அக்கா கல்யாண வீடியோ அதுலதான் இருக்கு. 2013-ல் வி.பி.9, ஹெச்.இ.வி.சி என ரெண்டு கோடெக்குகள் வந்தன. இன்டெல்லில் இந்த ரெண்டையும் முழுசா சிப்பிலேயே பிரிக்கிற வசதி ஏழாவது தலைமுறையில்தான் வந்தது. 2018-ல் வந்த ஏ.வி.1-க்கோ, பதினோராவது தலைமுறை வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுக்கு முந்தைய கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஆட்டுக்கல்தான்.

பக்கத்து வீட்டு ஸ்டிக்கின் ரகசியமும் இதுதான். அதோட புராசஸர் நம்ம ஐ3-யைவிட பலசாலி இல்லை. ஆனா, புது கிரைண்டர் உள்ளேயே இருக்கு.

ஏன் மாத்தினாங்க?

வீடியோ அனுப்புற நிறுவனங்களுக்கு ஒவ்வொரு ஜி.பி-யும் செலவு. புது கோடெக்கில் அதே தரத்தைக் கம்மி டேட்டாவில் அனுப்பலாம். ஹெச்.இ.வி.சி-க்குக் காப்புரிமைக் கட்டணமும் உண்டு. அதனால கூகுள், நெட்ஃபிளிக்ஸ், அமேசான், மைக்ரோசாஃப்ட், இன்டெல் போன்றவை 2015-ல் ஒரு கூட்டணி அமைச்சு, கட்டணமில்லாத ஏ.வி.1-ஐக் கொண்டுவந்தன. யூடியூப்பில் 1080-க்கு மேல ஹெச்.264-ல் வீடியோவே கிடைக்காது. வி.பி.9 அல்லது ஏ.வி.1 மட்டும்தான்.

இதுல நமக்கும் லாபம் இருக்கு. மொபைலில் டேட்டா மிச்சம், நெட் ஸ்லோவா இருந்தாலும் படம் தெளிவு. ஆனா, அங்கே மிச்சமான செலவு, பழைய கம்ப்யூட்டர் இருக்கிற வீட்டில் சூடாகவும் ஃபேன் சத்தமாகவும் கரன்ட் பில்லாகவும் வந்து நிற்குது. இதை யாரும் நம்மகிட்ட சொல்றதில்லை. "உங்க கம்ப்யூட்டர் பழசு"னு மட்டும் சொல்றாங்க.

முதல்ல ஆளைப் பிடிங்க

வீடியோ ஓடும்போதே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதுல சி.பி.யூ என்ற தலைப்பைக் க்ளிக் பண்ணினா, அதிகமா எடுத்துக்கிறது யார்னு மேலேயே தெரியும்.

பிரவுசரோ வீடியோ பிளேயரோ மேலே இருந்தா, கோடெக் பிரச்னையா இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆன்டிமால்வேர் சர்வீஸ், விண்டோஸ் அப்டேட், சர்ச் இண்டெக்ஸர் போன்ற பேர்கள் இருந்தா, கம்ப்யூட்டர் பின்னணியில் வேற வேலை பார்க்குது. வாரம் ஒருதடவை மட்டும் ஆன் பண்ற கம்ப்யூட்டர்ல இது சகஜம். பாக்கி வேலையெல்லாம் அப்பதான் மொத்தமா ஆரம்பிக்கும். படம் பார்க்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே ஆன் பண்ணி விட்டுடுங்க, போதும்.

கோடெக்தானா என்பதை உறுதி செய்ய, கம்ப்யூட்டரில் யூடியூப் வீடியோ மேல ரைட் க்ளிக் பண்ணி, 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்க. கோடெக்ஸ் என்ற வரியில் ஏ.வி.01 அல்லது வி.பி.09 என்று தொடங்கினா புதுசு. ஏ.வி.சி.1 என்றால் அதுதான் பழைய ஹெச்.264. அங்கேயே 'டிராப்டு ஃபிரேம்ஸ்' எண்ணிக்கை ஏறிக்கிட்டே போனா, படம் திக்கித் திக்கி வர்றதுக்கான ஆதாரம் கையில் கிடைச்சாச்சு.

என்ன செய்யலாம்?

1. குவாலிட்டியை 1080-க்கு மேல வைக்காதீங்க. உங்க டி.வி-யே ஃபுல் ஹெச்.டி-தான் என்றால், 4கே போடுறதுல பெரிய பிரயோஜனம் இல்லை. நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் வீடியோவை 720-க்கு இறக்கிப் பாருங்க.

2. ஃபயர்ஃபாக்ஸில் 'என்ஹான்ஸ்டு ஹெச்264இஃபை' என்ற எக்ஸ்டென்ஷன் இருக்கு. ஏ.வி.1, வி.பி.9 ரெண்டையும் தடுத்து, யூடியூப்பிடம் ஹெச்.264-ஐயே கேட்டு வாங்கும். எங்க வீட்டுல நிலைமையை மாத்தினது இதுதான். 95-ஐத் தாண்டி நின்ன சி.பி.யூ, 20 சதவிகிதத்துக்குப் பக்கத்துல வந்துடுச்சு. ஒரு பைசா செலவில்லை.

3. டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர் பகுதியைப் பாருங்க. 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்றிருந்தா, கிராபிக்ஸ் டிரைவரே இல்லைன்னு அர்த்தம். கிரைண்டர் இருந்தும் ப்ளக் போடாத நிலைமை. கிராபிக்ஸ் சிப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவரை எடுத்துப் போடுங்க.

4. பிரவுசர் செட்டிங்ஸில் கிராபிக்ஸ் ஆக்சிலரேஷன் ஆன்ல இருக்கணும். வி.எல்.சி-யில் ஹார்ட்வேர் டீகோடிங்கை 'ஆட்டோமேட்டிக்' என்று வைங்க. கோடி பயன்படுத்துறவங்க, படம் ஓடும்போது கீபோர்டில் 'ஓ' எழுத்தை அழுத்தினா, வேலை பார்க்கிறது ஹார்ட்வேரா சாஃப்ட்வேரான்னு திரையிலேயே காட்டும்.

5. டி.வி ஸ்டாண்டு அலமாரிக்குள் கதவைச் சாத்தி வெச்சிருக்கீங்களா? சூடு ஏறினா புராசஸர் தானாகவே வேகத்தைக் குறைச்சுக்கும். அப்போ சின்ன வேலைக்கும் 100% காட்டும். டாஸ்க் மேனேஜரின் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில், சி.பி.யூ முழு வேலையில் இருக்கும்போதும் 'ஸ்பீடு', 'பேஸ் ஸ்பீடு'க்குக் கீழே இருந்தா சூட்டைச் சந்தேகப்படலாம். தூசியைத் தட்டி, புராசஸர் மேல காய்ஞ்சுபோன தெர்மல் பேஸ்ட்டை மாத்துங்க. பழகாதவங்க இதை மட்டும் தெரிஞ்சவங்ககிட்ட கொடுக்கிறது நல்லது.

விண்டோஸ் 10 என்ற இன்னொரு கெடு

இதோட இன்னொரு நெருக்கடியும் சேர்ந்திருக்கு. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திடுச்சு. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம் 2.0 வேணும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாவது தலைமுறைக்கு மேல வேணும். வீட்டு உபயோகத்துக்கான கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குக் கெடு 2026 அக்டோபர் 13. செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் பேக்கப் செய்றவங்களுக்கு அது இலவசம்.

அதுக்குப் பிறகும் கம்ப்யூட்டர் ஓடும். ஆனா, பாதுகாப்பு அப்டேட் இல்லாத கம்ப்யூட்டரில் பேங்க் வேலை மட்டும் வேண்டாம். கையில் இருக்கிற படம், பாட்டு, வீடியோக்கள்தான் முக்கியம் என்றால் லிப்ரேஎலெக் போட்டுப் பாருங்க. ஆன் பண்ணினதும் நேரா கோடி திறக்கும், இலவசமும்கூட. போடுறதுக்கு முன்னாடி, போட்டோ, வீடியோக்களுக்கு ஒரு காப்பி எடுத்து வெச்சுடுங்க.

சரி, எப்போ வாங்கணும்?

4கே டி.வி வாங்கிட்டீங்க, 4கே-யிலேயே பார்க்கணும் என்றால், இந்த வித்தை எதுவும் உதவாது. ஆனா, அதுக்கும் 40 ஆயிரம் தேவையில்லை. ஏ.வி.1 ஆதரவு உள்ள ஸ்டிக் சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்குது. பெட்டியில் அந்தப் பேர் இருக்கான்னு மட்டும் பார்த்து வாங்குங்க. கடைசியில் கம்ப்யூட்டரைக் கழிக்கத்தான் போறீங்க என்றாலும் குப்பைத்தொட்டி வேண்டாம். மின்னணுக் கழிவுக்கு அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி மையங்கள் இருக்கு.

எங்க வீட்டுக் கம்ப்யூட்டர் இன்னும் ஹால்லதான் இருக்கு. அலமாரிக் கதவு மட்டும் இப்போ திறந்தே கிடக்கு. போன ஞாயிறு ராத்திரி, படம் பாதி ஓடினதும் அப்பா திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "என்னப்பா, சத்தமே இல்லை... புதுசு வாங்கிட்டியா?"