கோடையில் பூட்டப்படும் அலமாரிகள்

ஏப்ரல் கடைசியில் இரண்டு தகவல்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பெற்றோருக்கு வந்து சேருகின்றன. விடுமுறையில் சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாது, மீறும் பள்ளிகள் மீது நடவடிக்கை என்கிறது கல்வித் துறையின் சுற்றறிக்கை. அது செய்தித்தாளில் வருகிறது. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் போகிற பிள்ளைகள் மே முதல் வாரத்திலிருந்து காலை எட்டரைக்கு வந்துவிட வேண்டும், சீருடை தேவையில்லை என்கிறது பள்ளியின் வாட்ஸ்அப் செய்தி. அது கைபேசியில் வருகிறது. எதன்படி நடப்பது என்று எந்தப் பெற்றோரும் குழம்புவதில்லை. சீருடை எதற்கு வேண்டாம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். தெருவில் போகிற பிள்ளை பள்ளிக்குத்தான் போகிறது என்று பார்ப்பவர்களுக்குத் தெரியக் கூடாது.

புதிய கல்வியாண்டுக்குப் பிள்ளையைத் தயார்படுத்துவது என்றால் அடுத்த வகுப்பின் போர்ஷனை முன்கூட்டியே முடிப்பது என்ற எண்ணம் ஊறிப்போய்விட்டது. இது தவறான தயாரிப்பு என்பதே நம் கருத்து. கத்திரி வெயிலில் பிள்ளைகளை வகுப்பறையில் அடைப்பது கொடுமை என்பது ஒரு பக்கம். வெப்பத்தைக் காரணம் காட்டி 2023-இலும் 2024-இலும் பள்ளித் திறப்பையே அரசு தள்ளிவைத்தது; அதே வெயிலில், அதே கட்டடத்தில், சுற்றறிக்கைக்குத் தெரியாமல் வகுப்பு நடந்தால் மட்டும் பிள்ளைக்குச் சுடாதா? ஆனால் வெயில் இல்லாவிட்டாலும் இந்த வகுப்புகள் வேண்டாதவைதான். முன்னால் ஓடவைத்தால் பின்னால் விட்டுப்போனது நிரம்பாது.

இதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வை 2017-18-இல் கொண்டுவந்தபோது சொல்லப்பட்ட முக்கியக் காரணம் என்ன? பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைப் பெயருக்குத் தொட்டுவிட்டு, இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே திரும்பத் திரும்ப நடத்தின. மதிப்பெண் வந்தது. கல்லூரியின் முதல் ஆண்டிலும் நுழைவுத் தேர்விலும் அந்தப் பிள்ளைகள் இடறினார்கள், பதினொன்றாம் வகுப்பில் படித்திருக்க வேண்டியதைப் படிக்காததால். அந்தப் பொதுத்தேர்வு இப்போது இல்லை. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி 2025-26 முதல் நீக்கப்பட்டுவிட்டது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு மூன்று ஆண்டுகளில் மூன்று பொதுத்தேர்வு என்பது அதிகம்தான். நீக்கியதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் போர்ஷன் பந்தயத்துக்கு இருந்த தடையும் அதோடு போய்விட்டது. இனி அந்தப் பந்தயம் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த மே மாதத்திலேயே தொடங்கும். கல்வித் துறை இதை எதிர்பார்க்கவில்லை என்று பின்னால் சொல்ல முடியாது.

பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், மே மாதப் பகல் முழுக்கப் பிள்ளை எங்கே இருக்கும் என்ற கேள்விக்கு ஸ்பெஷல் கிளாஸ் ஒரு விடை. அங்கே மின்விசிறி இருக்கிறது, ஆள் பார்த்துக்கொள்கிறார், கைபேசி கையில் இல்லை. பாடம் அதில் இரண்டாம்பட்சம். இந்தத் தேவைக்கு வேறு விடை கொடுக்காமல் தடை மட்டும் போட்டால், வகுப்பு பள்ளியிலிருந்து பக்கத்து டியூஷன் சென்டருக்கு இடம் மாறும். அவ்வளவுதான்.

சரி, பிள்ளைக்கு மே மாதத்தில் என்னதான் வேண்டும்? ஆறாம் வகுப்புக்குப் போகிற குழந்தை வகுத்தல் கணக்கில் தடுமாறினால், அதற்கு ஆறாம் வகுப்புப் பாடத்தை ஒரு மாதம் முன்னதாகச் சொல்லிக்கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை. மூன்றாம் வகுப்பில் எங்கே பிடி விட்டது என்று பார்த்து அங்கிருந்து பிடிக்க வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற குழந்தைக்கு, எழுத்துக்கூட்டாமல் படிக்கும் வரை படிக்க ஏதாவது வேண்டும். அதுவும் பாடப்புத்தகமாக இல்லாமல் இருந்தால் நல்லது.

விடுமுறையில் பிள்ளைகள் எவ்வளவு மறக்கிறார்கள் என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1982-இல் தொடங்கிய நீண்ட ஆய்வு, ஏழைப் பிள்ளைகளுக்கும் வசதியான பிள்ளைகளுக்குமான இடைவெளி பெரும்பாலும் கோடையில்தான் விரிகிறது என்றது. பிற்கால அளவீடுகள் அந்த முடிவைக் கேள்விக்குள்ளாக்கின. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தொற்றுக் காலத்தில் நம் பள்ளிகள் நீண்ட காலம் மூடிக் கிடந்தன. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்தார்கள். பள்ளி திறந்த ஆறே மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு ‘இல்லம் தேடிக் கல்வி’ மாலை வகுப்புகளால் வந்தது, எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கு அதனால் கூடுதல் பலன் என்று கண்டார்கள். அந்த வகுப்புகளை நடத்தியவர்கள் பெரும்பாலும் அந்தந்தத் தெருவில் இருந்த படித்த பெண்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில், திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பாட்டும் விளையாட்டுமாக நடத்தினார்கள். விட்டுப்போனதை நிரப்ப எது உதவும் என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும். மே மாதத்தில் அதைச் செய்வதில்லை, அவ்வளவே.

புத்தகத்துக்கு வருவோம். அரசுப் பள்ளிகளில் புத்தகம் இல்லை என்று இன்று யாரும் சொல்ல முடியாது. வாசிப்பு இயக்கம் 2023-இல் தொடங்கி, நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சின்னச் சின்னப் புத்தகங்களைத் தந்திருக்கிறது. நல்ல வேலை அது. பிள்ளை ஒரே மூச்சில் படித்து முடிக்கிற அளவு, பெரிய எழுத்து, கண்ணைக் கவரும் படம். ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களும் வருகின்றன. இவை எல்லாம் ஏப்ரல் கடைசி வேலைநாளில் எங்கே போகின்றன? அலமாரிக்குள். அலமாரிச் சாவி தலைமை ஆசிரியர் மேசைக்குள். ஜூன் வரை அந்தப் புத்தகங்களைப் படிப்பவை கரையான்கள் மட்டுமே.

தலைமை ஆசிரியருக்குப் புத்தகத்தின் மீது வெறுப்பா? இல்லை. இருப்புப் பதிவேட்டில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வரி இருக்கிறது. தணிக்கையின்போது அந்த வரிக்குப் புத்தகம் இருந்தாக வேண்டும். கிழிந்தாலும் தொலைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர், சில சமயம் கைக்காசு போட வேண்டியவர், அவர்தான். அலமாரியைத் திறந்து வைத்த ஆசிரியருக்கு யாரும் பாராட்டுக் கடிதம் கொடுப்பதில்லை; மூன்று புத்தகம் குறைந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். இந்த ஏற்பாட்டில் பூட்டி வைப்பதுதான் புத்திசாலித்தனம். அழுக்கில்லாமல், மடிப்புக் கலையாமல் மூன்றாண்டு இருக்கிற குழந்தைப் புத்தகம்தான் உண்மையான இழப்பு என்று தணிக்கை விதி என்றைக்குச் சொல்லுமோ அன்றைக்குத்தான் இது மாறும்.

புளோரிடா மாநிலத்தில் ரிச்சர்ட் ஆலிங்டன் குழுவினர் செய்த ஒரு பரிசோதனை இங்கே பொருந்தும். வறுமை மிகுந்த 17 பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் கோடைக்கு 12 புத்தகங்கள், மூன்று கோடைகள் தொடர்ந்து கொடுத்தார்கள். பிள்ளைகளே பார்த்துத் தேர்ந்தெடுத்தவை. திருப்பித் தர வேண்டியதில்லை. வகுப்பு இல்லை, வீட்டுப்பாடம் இல்லை. 2010-இல் வெளியான முடிவின்படி, புத்தகம் பெறாத பிள்ளைகளைவிட அவர்களின் வாசிப்புத் திறன் மேம்பட்டிருந்தது. மிகவும் ஏழையான பிள்ளைகளிடம் பலன் கூடுதலாக இருந்தது. ஸ்பெஷல் கிளாஸ் கட்டணத்தில் இப்படி எத்தனை புத்தகம் வாங்கலாம் என்று பெற்றோரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நூலகச் சட்டத்தை நாட்டுக்கே வழிகாட்டியாக 1948-இல் இயற்றிய மாநிலம் இது. சொத்து வரியோடு நூலக வரியையும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். சென்னைக்கு அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரைக்குக் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் கிடைத்தன; இரண்டிலும் குழந்தைகள் பகுதி கலகலப்பாக இருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் 2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் ஒன்றாக 12,000-க்கும் மேல் கட்டிய சின்ன நூலகங்களில் எத்தனை இன்று திறந்திருக்கின்றன என்று அந்தந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் போதும். மே மாதத்தில் காலை எட்டு முதல் பதினொன்று வரை இவற்றைத் திறந்து, உள்ளூர் இளைஞர் ஒருவரை உட்காரவைத்தால், வேலைக்குப் போகும் பெற்றோரின் கேள்விக்கும் பாதி விடை கிடைக்கும்.

மீதிப் பாதி விடை சாப்பாட்டில் இருக்கிறது. பள்ளி நாளில் அரசுத் தொடக்கப் பள்ளிக் குழந்தைக்குக் காலை உணவும் மதிய உணவும் கிடைக்கின்றன. விடுமுறை தொடங்கிய மறுநாள் இரண்டும் நின்றுபோகின்றன. 2013-இன் உணவுப் பாதுகாப்புச் சட்டமே பள்ளி விடுமுறை நாட்களை விலக்கிவைத்துத்தான் மதிய உணவு உரிமையைத் தருகிறது. ஆனால் வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது. பக்கத்துக் கட்டடத்து அங்கன்வாடி மே மாதம் முழுவதும் மூடிக் கிடப்பதில்லை. தொற்றுக் காலத்தில் பள்ளி மூடியிருந்தபோது அரிசியும் பருப்பும் முட்டையும் வீட்டுக்கே கொடுத்தனுப்பிய அனுபவமும் இந்த மாநிலத்துக்கு உண்டு. ஒரு வேளை குறைவாகச் சாப்பிட்ட ஒன்றரை மாதத்துக்குப் பிறகு ஜூனில் வந்து உட்காரும் குழந்தையிடம் பாடத்தில் கவனம் இல்லை என்று சொல்வது நியாயமில்லை.

ஜூனில் வந்து உட்காராத பிள்ளைகளும் உண்டு. எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு முடித்த கையோடு விடுமுறைக்கென்று பனியன் கம்பெனிக்கும் செங்கல் சூளைக்கும் போகிறவர்களில் சிலர் சம்பளம் பார்த்தபின் திரும்புவதில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம், 14 வயதுக்கு உட்பட்டவர்கள் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறது. எது குடும்பத் தொழில் என்று சூளையில் போய் யார் பார்ப்பது? மே இறுதியில் பள்ளி மேலாண்மைக் குழுவினர் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த வீடுகளுக்கு ஒருமுறை போய்வந்தால், எந்தத் தயாரிப்பு வகுப்பைவிடவும் அது பெரிய வேலை.

வீட்டில் செய்ய வேண்டியவை சிலவே. சாதி, வருமானச் சான்றிதழுக்கு ஜூனில் இ-சேவை மையத்தில் நெரிசலில் நிற்காமல் இப்போதே விண்ணப்பித்துவிடலாம். பலகை தெரியவில்லை என்று பிள்ளை முன்பே சொல்லியிருந்தால் கண்ணைக் காட்டிவிடலாம். பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்னதாகவே தூங்கும் நேரத்தைப் பழைய நேரத்துக்குக் கொண்டுவரலாம். தினம் கால் மணி நேரம் பிள்ளை படிக்க, வீட்டில் ஒருவர் உட்கார்ந்து கேட்கலாம். கேட்பவருக்கு எழுத்து தெரியாவிட்டாலும் பரவாயில்லை. மற்ற நேரம் பிள்ளை பாட்டி வீட்டில் இருக்கட்டும், கிணற்றில் குதிக்கக் கற்கட்டும் – பெரியவர் ஒருவர் கரையில் நிற்கும்போது மட்டும்.

அரசு செய்ய வேண்டியதும் மலை புரட்டும் வேலையல்ல. சிறப்பு வகுப்புத் தடையைச் சுற்றறிக்கையோடு விடாமல், மே மாதத்தில் மாவட்டக் கல்வி அலுவலர்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். விட்டுப்போனதை நிரப்ப விரும்பும் தன்னார்வலர்களைக் கோடையில் காலை இரண்டு மணி நேரம் அழைத்து, அதற்குரிய தொகையைத் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும். அந்த இடத்திலேயே பிள்ளைகளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போட வேண்டும். இவற்றுக்குப் பணம் ஒதுக்க நாளாகும் என்றால், பணமே தேவைப்படாத ஒன்றிலிருந்து தொடங்கலாம்: கடைசி வேலைநாளில் ஒவ்வொரு குழந்தையும் தானே எடுத்த ஐந்து புத்தகங்களோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்று பள்ளிக் கல்வித் துறை ஓர் ஆணை பிறப்பிக்கட்டும். தொலைகிற புத்தகத்துக்கு ஆசிரியர் பொறுப்பல்ல என்ற வரியும் அந்த ஆணையில் இருக்கட்டும்.